9 மிமீயா, .45ஆ, .380ஆ: தற்காப்புக் கைத்துப்பாக்கிக்குக் காலிபர் தேர்வது எப்படி?

கேள்வி இது: "தற்காப்புக்காக முதல்முறையாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன். உரிமம் கிடைத்துவிட்டது. .45க்குக் குறைந்த எதையும் தொடாதே என்கிறார் ஒருவர். 9 மிமீ போதும் என்கிறார் இன்னொருவர். மனைவியும் பயன்படுத்த வேண்டியிருப்பதால் .380 அல்லது .22 எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். எது சரி?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். விரல்களிலும் மணிக்கட்டிலும் குறையில்லாத பெரும்பாலானோருக்கு 9×19 மிமீ, அதாவது பொதுவாக 9 மிமீ என்று சொல்லும் தோட்டா, போதும், அதுவே நல்லதும்கூட. தோட்டா நிரப்பாமல் 600 முதல் 750 கிராம் எடையுள்ள பிஸ்டல், சுமார் 10 செ.மீ. குழல், 124 அல்லது 147 கிரெயின் எடையில் தற்காப்புக்கென்றே செய்த குழிமுனைக் குண்டு. இப்படி வாங்கியவர் தவறான துப்பாக்கி வாங்கினார் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ள வேண்டாம். காலிபர், அதாவது குண்டின் விட்டத்தைக் குறிக்கும் அளவு (9 என்பது மில்லிமீட்டரில், .45 போன்றவை அங்குலத்தில்), என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். அந்த எண் எவ்வளவு எடையுள்ள துப்பாக்கியில் வருகிறது, அதை எந்தக் கை பிடிக்கிறது, உள்ளே எந்தக் குண்டு இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் உண்மையான தேர்வு. உங்கள் மனைவிக்கு .380 சரியா என்ற கேள்விக்கும் இதில்தான் விடை இருக்கிறது.

முதலில் சில சொற்கள். கூடு, பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, முனையில் இருக்கும் உலோகம் எல்லாம் சேர்ந்த முழுப்பொருளைத் தோட்டா என்கிறேன். குழலை விட்டு வெளியே பறக்கும் உலோகம் மட்டும் குண்டு. குழிமுனைக் குண்டின் முனையில் குழி இருக்கும், உடலில் புகுந்ததும் அது அகலமாக விரியும். முழு உறைக் குண்டுக்குக் குழி கிடையாது, அது விரியாது. பெட்டிகளில் குண்டின் எடை கிரெயினில் இருக்கும். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய பதினைந்தரை கிரெயின்.

குண்டு என்ன செய்கிறது

கைத்துப்பாக்கிக் குண்டு யாரையும் தூக்கி எறிவதில்லை. சுடுபவர் கையில் விழும் உதையைவிடப் பெரிய உதை எதிரில் இருப்பவர் மேல் விழ இயற்பியலில் வழியே இல்லை. குண்டு செய்வதெல்லாம் ஒன்றுதான்: தான் போகும் பாதையில் ஒரு துளை போடுகிறது. ரைஃபிள் குண்டின் வேகத்தில் அந்தப் பாதையைச் சுற்றியுள்ள சதையும் நொடிப்பொழுது விரிந்து கிழியும். கைத்துப்பாக்கி வேகத்தில், அதாவது வினாடிக்கு 250 முதல் 450 மீட்டர் வரை, பெரும்பாலான திசுக்கள் அந்த விரிவைத் தாங்கி மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே கணக்கில் நிற்பவை துளை எங்கே விழுந்தது, எவ்வளவு ஆழம் போனது என்ற இரண்டும்தான். எவ்வளவு அகலம் என்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. காலிபர் சண்டை முழுவதும் இந்த மூன்றாவது இடத்துக்காக நடப்பது.

ஆழத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. அது வந்த கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்களுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. தொடக்கத்திலேயே ஒரு 9 மிமீ குண்டு கொள்ளையர்களில் ஒருவரின் மேற்கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்தது, ஆனால் இதயத்தை எட்டாமல் சற்று முன்னரே நின்றுவிட்டது. அவர் அதன்பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு முகவர்கள் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். அந்தக் குண்டு 115 கிரெயின் எடையுள்ள, வேகமாக விரிந்து சீக்கிரம் நிற்கும் வகை. அன்று நல்ல வடிவமைப்பு என்று கருதப்பட்டதே அதுதான்.

அதன்பின் எஃப்.பி.ஐ. வகுத்த சோதனையில் சதைக்குப் பதிலாக வைக்கும் 10 விழுக்காடு ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம், அதாவது 30 செ.மீ., போக வேண்டும். 18 அங்குலத்தை, 46 செ.மீ.யைத், தாண்டக் கூடாது. கனமான துணி, சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றைத் தாண்டிய பிறகும் அதே அளவை எட்ட வேண்டும். மனித மார்பு 30 செ.மீ. தடிமன் இல்லையே என்று கேட்கலாம். எதிரில் இருப்பவர் நேராக நெஞ்சைக் காட்டி நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நீட்டிய கை குறுக்கே வரலாம், உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கலாம், அதனால்தான் அவ்வளவு ஆழம்.

மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. 10 மிமீக்குப் போனது. அதன் உதை பலருக்கு அதிகமாக இருந்ததால் மருந்தைக் குறைத்துச் சுட்டார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளமான கூடு எதற்கு என்ற கேள்வியிலிருந்து 1990இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ பிறந்தது. அமெரிக்கக் காவல்துறைகள் பல அதை வாங்கின. 2014இல் அதே எஃப்.பி.ஐ. 9 மிமீக்குத் திரும்பும் காரணங்களை எழுதி வைத்தது: நவீன குண்டுகளில் காலிபர்களுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை, 9 மிமீயில் பெரும்பாலான முகவர்கள் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள், மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) அதிகத் தோட்டா கொள்கிறது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் மனித உடல் மாறவில்லை, குண்டின் வடிவமைப்பு மாறியது. 1986இல் தோற்றது 9 மிமீ என்ற காலிபர் இல்லை, குறிப்பிட்ட ஒரு குண்டு.

உதையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இதற்குத் தராசும் பள்ளிக்கூடக் கணிதமும் போதும். குண்டின் எடையைக் கிலோவில் எடுத்து, வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தால் பெருக்கினால் அதன் உந்தம் வரும். அதைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் துப்பாக்கி உங்கள் கையை நோக்கி என்ன வேகத்தில் வருகிறது என்று தெரியும். வெடிமருந்து வாயுவின் பங்கு இதன் மேல் கூடும், ஒப்பிட்டுப் பார்க்க அது தேவையில்லை.

வழக்கமான தோட்டாக்களின் உந்தம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

.22 எல்ஆர், 40 கிரெயின்: 0.8
.32 ஏசிபி, 71 கிரெயின்: 1.3
.380 ஏசிபி, 95 கிரெயின்: 1.8
.38 ஸ்பெஷல், 158 கிரெயின்: 2.4
9×19, 124 கிரெயின்: 2.8
.40 எஸ் அண்ட் டபிள்யூ, 180 கிரெயின்: 3.5
.45 ஏசிபி, 230 கிரெயின்: 3.8

இதை மட்டும் பார்த்தால் .380தான் மென்மையானது, .45 முரடு என்று தோன்றும். எடையால் வகுத்ததும் படம் தலைகீழாகிவிடும். 1,100 கிராம் எடையுள்ள முழு எஃகு '1911' மாடல் பிஸ்டலில் .45 சுட்டால் துப்பாக்கி வினாடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. 650 கிராம் பிஸ்டலில் 9 மிமீ சுட்டால் 4.3 மீட்டர். 425 கிராம் எடையுள்ள ஐந்து தோட்டா ரிவால்வரில் .38 சுட்டால் 5.6 மீட்டர். 270 கிராம் பாக்கெட் பிஸ்டலில் .380 சுட்டால் 6.7 மீட்டர். கை உணரும் அந்தச் 'சுள்' என்ற அடி இந்த வேகத்தில்தான் இருக்கிறது. சின்னப் பிஸ்டலின் பிடி ஒல்லியாகவும் குட்டையாகவும் இருப்பதால் அந்த அடி உள்ளங்கையில் சிறிய இடத்தில் விழுந்து இன்னும் உறைக்கும்.

"பெண்களுக்குச் சின்னத் துப்பாக்கி" என்று சொல்லி 270 கிராம் .380ஐயோ, இலேசான .38 ரிவால்வரையோ கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய தவறு என்பது இந்தக் கணக்கில் தெரியும். சுடுவதற்கு மிகக் கடினமானவை அவைதான், தேர்ந்தவர்கள் ஆழமாக மறைத்து எடுத்துப் போவதற்கானவை. புதியவர் ஒருவர் அதில் பத்துத் தோட்டா சுட்டதும் வெடிக்கு முன்பே கையைக் கீழே அழுத்தும் பழக்கம் தொற்றிக்கொள்ளும், பிறகு எல்லாக் குண்டும் இலக்குக்குக் கீழே விழும். அந்தப் பழக்கத்தைப் போக்க மாதக்கணக்கில் ஆகும். மனைவிக்கு உதை குறைவாக இருக்க வேண்டுமென்றால் காலிபரைக் குறைப்பதற்கு முன் துப்பாக்கியின் எடையைக் கூட்டுங்கள்.

ஸ்லைடை (தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் பிஸ்டலின் மேல்பகுதியை) இழுக்க முடியவில்லை என்பது வேறு பிரச்சினை, அதற்கும் காலிபர் காரணமாக இருக்க வேண்டியதில்லை. வால்டர் பிபிகே போன்ற பழைய வகை .380 பிஸ்டல்களில் குழல் பூட்டு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால் அந்த .380இன் ஸ்லைடு பல 9 மிமீ ஸ்லைடுகளைவிடக் கடினமாக இருக்கும், உதையும் கூர்மையாக இருக்கும். முதலில் இழுக்கும் முறையைச் சரிசெய்து பாருங்கள்: பிஸ்டலை நெஞ்சுக்கு அருகில், குழல் பாதுகாப்பான திசையில் இருக்க வைத்து, இடக்கையின் நான்கு விரல்களாலும் ஸ்லைடை மேலிருந்து கவ்விக்கொண்டு, வலக்கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கிள்ளி இழுத்தால் பலசாலிக்கும் வராது. அப்படியும் முடியவில்லை என்றால் ஸ்லைடு இலேசாக நகரும்படி வடிவமைத்த பிஸ்டல்கள் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈசி 2018இல் .380இலும் 2020இல் 9 மிமீயிலும் வந்தது. முடக்குவாதம் உள்ள கைகளுக்கு அந்த .380 உண்மையிலேயே நல்ல தேர்வு. 500 கிராமுக்கு மேல் எடை இருப்பதால் உதை மிதமாகவே இருக்கும்.

9 மிமீக்குக் கீழே இறங்கினால் எதை இழக்கிறீர்கள்

.380இல் குண்டு விரிந்தால் பெரும்பாலும் 30 செ.மீ.யை எட்டுவதில்லை. விரியாவிட்டால் ஆழம் கிடைக்கும், துளை குறுகலாக இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தருமளவுக்கு அந்தத் தோட்டாவில் சக்தி கிடையாது. குழல் 7 செ.மீ.க்குக் குறைந்த .380இல் ஆழத்துக்கே முதலிடம் கொடுப்பேன், உருண்டை முனை கொண்ட முழு உறைக் குண்டை அதில் போடுவதில் தவறில்லை. குழல் நீளமாக இருந்தால், ஜெலட்டின் சோதனை முடிவு வெளிவந்த குழிமுனைக் குண்டுகளைப் பார்க்கலாம். .32 ஏசிபியில் இந்த யோசனையே வேண்டாம், முழு உறைக் குண்டுதான்.

.22இன் குறை அதன் சிறுமை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அது வெடிக்குமா என்ற ஐயம். .22 தோட்டாவில் தனிப் பிரைமர் கிடையாது. தீப்பிடிக்கும் கலவையை ஈரமாகக் கூட்டின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்புவார்கள். விளிம்பில் ஓரிடத்தில் கலவை சரியாகப் படியாமல், சுத்தி அங்கேயே அடித்தால் வெடிக்காது. நடுவில் பிரைமர் உள்ள தோட்டாவைவிட இதில் தோல்வி அதிகம். பிஸ்டலில் இன்னொரு சிக்கலும் உண்டு: விளிம்பு துருத்தி நிற்பதால், மேகசினில் தவறாக அடுக்கினால் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டி நகராமல் நின்றுவிடும். வேறு எதையும் சுட முடியாத கைக்கு .22 இருக்கிறது, அதுவும் ரிவால்வரில். வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வரும். ஆனால் .22 ரிவால்வர்களில் விளிம்பை நசுக்கப் பலத்த அடி தேவைப்படுவதால் விசை மிகக் கனமாக இருக்கும். பலவீனமான விரலுக்கென்று வாங்கி, விசையை இழுக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. வாங்கும் முன் உங்கள் மனைவி அதைக் கையில் எடுத்து இழுத்துப் பார்க்கட்டும்.

பயிற்சிக்கு .22 அருமையானது. முதல் சில நூறு தோட்டாக்களை அதில் சுட்டுவிட்டு 9 மிமீக்கு வந்தால் கை பயப்படாமல் வளரும்.

மேலே போனால் என்ன கிடைக்கிறது

.45ஐ விரும்புகிறவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. விரியாமல் போனாலும் அதன் விட்டம் பதினொன்றரை மிமீ, 9 மிமீயைவிட இரண்டரை மிமீ அதிகம். விரிந்தால் 18 முதல் 20 மிமீ வரை போகும், நல்ல 9 மிமீ குண்டு 14 முதல் 16 மிமீ. அழுத்தமும் குறைவு: .45இன் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, 9 மிமீக்கு 35,000. ஒலியின் வேகத்துக்குக் கீழேயே பறப்பதால் காற்றைக் கிழிக்கும் அந்தச் 'சடார்' ஒலி இல்லை. ஆனால் மூடிய அறையில் எந்தக் காலிபரும் காதைக் கெடுக்கும், 140 டெசிபலைத் தாண்டினாலே ஆபத்து, கைத்துப்பாக்கிகள் எல்லாம் அதைத் தாண்டியவை.

கொடுக்கும் விலை என்ன? கிளாக் 17 பிஸ்டலில் 9 மிமீ 17 தோட்டா, அதே உடலில் .40 என்றால் 15. .45க்கு இன்னும் தடித்த உடலுள்ள கிளாக் 21 வேண்டும், அதிலும் 13தான். உந்தம் 9 மிமீயைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம், அதாவது இரண்டாவது குண்டுக்கு இலக்கை மறுபடி பிடிக்கக் கூடுதல் நேரம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தோட்டா விலை. நடுவில் பிரைமர் உள்ள தோட்டாக்களில் 9 மிமீ பயிற்சித் தோட்டாதான் பொதுவாக மிக மலிவு. .45க்கு ஆகும் செலவில் 9 மிமீயில் கணிசமாக அதிகம் சுடலாம். ஆண்டுக்கு 500 தோட்டா கூடுதலாகச் சுட்டவரின் கை, இரண்டரை மிமீ அகலத்தைத் தாராளமாக ஈடுகட்டிவிடும். .45ஐ எதிர்ப்பவன் என்று நினைக்க வேண்டாம். கனமான பிஸ்டலில், போதுமான பயிற்சியுடன் அது சிறந்த தோட்டா. முதல் துப்பாக்கிக்கு மட்டும் பரிந்துரைக்க மாட்டேன்.

.357 மேக்னம் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் புகழ் 10 முதல் 15 செ.மீ. குழலில் சம்பாதித்தது. 5 செ.மீ. குழலில் மெதுவாக எரியும் அதிக மருந்தின் ஒரு பகுதி குழலுக்கு வெளியே தீப்பிழம்பாக வீணாகிறது. வேகம் பெருமளவு விழுந்துவிடும், உதையும் ஓசையும் அப்படியே நிற்கும். இருட்டறையில் ஒரு முறை சுட்டால் கண் கூசிக் காது அடைத்துவிடும். சின்ன ரிவால்வரில் .357 என்று எழுதியிருந்தாலும் .38 ஸ்பெஷலையே போடுங்கள். 10 மிமீ காட்டு விலங்குகள் உள்ள இடங்களுக்கு. .357 சிக், .30 சூப்பர் கேரி இரண்டும் நல்ல தோட்டாக்களே, ஆனால் எல்லாக் கடையிலும் எப்போதும் கிடைக்காது, முதல் துப்பாக்கிக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

ஐந்து தோட்டா .38 ரிவால்வரைத் தேர்ந்தால் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, 5 செ.மீ. குழலில் பல குழிமுனைக் குண்டுகள் விரிவதே இல்லை. குட்டைக் குழலுக்கென்றே வடிவமைத்த ஸ்பீர் கோல்டு டாட் 135 கிரெயின் போன்றதை எடுங்கள். அது +பி, அதாவது வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டா. அதன் உதை அதிகமென்றால் 148 கிரெயின் தட்டைமுனை வாட்கட்டர் போதும், மெதுவாகப் போனாலும் சுத்தமான துளை போட்டுப் போதிய ஆழம் போகும். இரண்டு, மிக இலேசான ரிவால்வரில் உதையின் குலுக்கலில் இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நழுவி வரும். தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கு வெளியே துருத்திக்கொண்டால் உருளை சுழலாது, துப்பாக்கி அப்படியே நின்றுவிடும். நான்கு தோட்டா சுட்டுவிட்டு ஐந்தாவதை எடுத்துப் புதிய தோட்டாவின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீண்டிருந்தால் அந்த வகைத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

சுடுதளத்தில் வாடகைக்குக் கிடைத்தாலோ, பயிற்சியாளரிடம் இருந்தாலோ, ஒரே தயாரிப்பில் இரண்டு காலிபர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 7 மீட்டர் தொலைவில் 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு காகிதத் தட்டு. துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து நின்று, நேரக்கருவியின் ஒலி கேட்டதும் உயர்த்தி ஐந்து தோட்டா. ஐந்தும் தட்டில் விழ வேண்டும், ஒன்று வெளியே போனாலும் அந்தச் சுற்று கணக்கில் இல்லை. தொடக்கத்தில் நான்கு விநாடி ஆகும், பயிற்சியில் மூன்றுக்கு வரும். ஒவ்வொரு காலிபரிலும் ஐந்து சுற்று சுட்டுச் சராசரி எடுங்கள். பிறகு ஒரே கையால் மூன்று தோட்டா, மறுகையால் மூன்று தோட்டா. கதவைப் பிடித்துக்கொண்டோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டோ சுட நேரலாம் என்பதால் இந்த ஒற்றைக்கைச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

என் அளவுகோல் இது: பெரிய காலிபரில் சராசரி நேரம் கால் பங்குக்கு மேல் கூடினாலோ, தட்டுக்கு வெளியே போகும் குண்டுகள் கூடினாலோ சின்னதை எடுங்கள். வித்தியாசமே இல்லையென்றால் விருப்பம்போல் எடுக்கலாம். சோதனையின் முதல் பத்துத் தோட்டாவை நம்பாதீர்கள். ஐம்பதாவது தோட்டாவில், கை களைத்த பிறகு என்ன ஆகிறது என்பதே உண்மை நிலை. நீங்களும் மனைவியும் தனித்தனியே செய்து, இருவரில் மெதுவானவரின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டா தேர்வு

9 மிமீயில் ஃபெடரல் எச்எஸ்டி 124 அல்லது 147, ஸ்பீர் கோல்டு டாட் 124, ஹார்னடி கிரிட்டிகல் டியூட்டி 135, வின்செஸ்டர் ரேஞ்சர் 147 ஆகியவை நீண்டகாலம் சோதிக்கப்பட்டவை. இவற்றில் எது உங்கள் துப்பாக்கியில் தடங்கலின்றி ஓடுகிறதோ அதுவே சிறந்தது. குழல் 8 செ.மீ. அளவுக்குக் குறுகினால் 147 பக்கம் சாய்வேன். அது தொடக்கத்திலேயே மெதுவான குண்டு, குறைந்த வேகத்திலும் விரியும்படி செய்தது.

+பி என்றால் அழுத்தம் 35,000இலிருந்து 38,500 வரை உயர்த்தப்பட்டது. வேகம் சற்றுக் கூடும், உதையும் கூடும். இலேசான சின்னப் பிஸ்டலில் ஸ்லைடு அளவுக்கு மீறிய வேகத்தில் போய்வருவதால், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளும் முன்பே ஸ்லைடு அதைத் தாண்டி மூடிவிடும், சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) வெறுமையாக இருக்கும். பெரிய பிஸ்டல் இல்லையென்றால் +பி தேவையில்லை. +பி+ என்று எழுதியதற்குத் தொழில்துறையில் வரையறுத்த அழுத்த அளவே கிடையாது, தொடாதீர்கள்.

தற்காப்புத் தோட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக நம்பிவிடக் கூடாது. முதலில் முழு உறைப் பயிற்சித் தோட்டா 200, பிறகு தேர்ந்த தற்காப்புத் தோட்டா குறைந்தது 50, எல்லா மேகசின்களிலும் மாற்றி மாற்றி. ஒரு தடங்கல் வந்தால் முதலில் உங்கள் பிடியைச் சந்தேகியுங்கள். மணிக்கட்டு தளர்ந்தால் துப்பாக்கி முழுவதுமே பின்னால் போகும், ஸ்லைடு முழுத்தூரம் நகராது, வெற்றுக்கூடு வாயிலில் சிக்கும். சின்னப் பிஸ்டல்களில் இது அதிகம். இறுக்கிப் பிடித்தும் தொடர்ந்தால் மேகசின், அதன்பிறகே தோட்டா.

முழு உறைக் குண்டை 9 மிமீயில் தற்காப்புக்குப் போடாதீர்கள். ஜெலட்டினில் 60 செ.மீ.யைத் தாண்டிப் போகும், அதாவது எதிரில் இருப்பவரைத் துளைத்து அவருக்குப் பின்னால் நிற்பவரை அடையும். வீட்டுச் சுவரைப் பொறுத்தவரை ஏமாற வேண்டாம்: 30 செ.மீ. ஆழத்தை எட்டும் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் ஜிப்சம் பலகைத் தடுப்புகளைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். குழிமுனையில் சுவர்த்தூள் அடைத்துக்கொண்டால் விரியாமல் இன்னும் தூரம் போகும். குழந்தைகள் எந்த அறையில் தூங்குகிறார்கள், எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து முடிவு செய்து வையுங்கள். இலக்கைத் தவறவிட்ட குண்டுதான் மிக ஆபத்தானது, அதனாலும் நன்றாகச் சுட வரும் காலிபர் முக்கியம்.

பெயர்க் குழப்பங்கள்

9 மிமீ லூகர், 9 மிமீ பாரபெல்லம், 9×19 மூன்றும் ஒன்றே. 9 மிமீ குர்ட்ஸ், 9×17, .380 ஏசிபி மூன்றும் ஒன்றே, ஆனால் 9×19 அல்ல. 9×18 மகரோவ் வேறு, அதன் குண்டு 9.2 மிமீயைத் தாண்டியது. .38 ஸ்பெஷல் குண்டின் உண்மை விட்டம் .357 அங்குலம்தான். .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் சுடலாம், .38 ரிவால்வரில் .357 சுடக் கூடாது. கூடு 3 மிமீ நீளமாக இருப்பதே அது நுழையாமல் இருப்பதற்காக. .357இல் நிறைய .38 சுட்டால் உருளை அறைகளில் கரி வளையம் படியும், அதைத் தேய்த்து எடுக்காமல் .357 போட்டால் கூடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது.

.40 பிஸ்டலும் 9 மிமீ பிஸ்டலும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாப் பெட்டிகளைத் தனித்தனி இடத்தில் வையுங்கள். 9 மிமீ தோட்டா .40 சேம்பரில் தளர்வாக நுழைந்து சில சமயம் வெடித்தும் விடும், கூடு பிளந்து வாயு பின்னால் அடிக்கும். தோட்டாக் கூட்டின் அடியிலும் குழலின் மேலும் பொறித்த எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

சில நாடுகளில் ராணுவக் காலிபர்கள் பொதுமக்களுக்கு மறுக்கப்படுகின்றன. 9×21 என்ற தோட்டா உருவானதே அன்று அத்தகைய தடை இருந்த இத்தாலி போன்ற சந்தைகளுக்காகத்தான். உங்கள் உரிமத்தில் 9×19 இல்லையென்றால், சட்டம் அனுமதிப்பவற்றில் நடுவில் பிரைமர் உள்ள, எளிதில் கிடைக்கும், கனமான துப்பாக்கியில் வரும் காலிபரைத் தேடுங்கள். .32தான் கிடைக்கும் என்றால் நல்ல .32ஐ வாங்கி, மிச்சப்பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவிடுங்கள்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது

சுத்தம் செய்யவும் தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழகவும் சேம்பரில் இருக்கும் தோட்டாவை எடுப்போம், பிறகு அதையே மறுபடி ஏற்றுவோம். ஒவ்வொரு முறையும் மேகசினிலிருந்து சேம்பருக்கு ஏறும் சரிவில் குண்டின் மூக்கு இடிப்பதால் குண்டு சிறிது சிறிதாகக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும். .40இல் இது குறிப்பாக ஆபத்து, 9 மிமீயிலும் அலட்சியம் கூடாது. எடுத்த தோட்டாவை புதிய தோட்டாவோடு மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால், அல்லது வெர்னியரில் கால் மிமீ குறைந்தால், அதைச் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள். ஒரே தோட்டாவை மூன்று நான்கு முறைக்கு மேல் ஏற்றாதீர்கள். பிரைமரின் ஓரத்தில் எண்ணெய் பட்டால் உள்ளே கசிந்து பிரைமர் வெடிக்காமல் போகலாம், ஆகையால் எண்ணெய் சொட்டும் துப்பாக்கியில் தோட்டா நிரப்ப வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பி வைத்த தோட்டாக்களையெல்லாம் சுடுதளத்தில் சுட்டுவிட்டுப் புதியதை நிரப்புங்கள். அந்தத் தோட்டா வெடிக்கிறதா, எங்கே போய் விழுகிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.